அஞ்சலாவின் தலைமாட்டில் நட்ட காட்டு ஹோர்ட்டென்சி

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் செத்தவர்களுக்குப் பூ நட்டுப் பிழைத்த தமிழ்ப் பெண் என்றால் அது நேசமலர் ஒருத்திதான். நேரே கண்டால் "நேசமலர் அக்கா, சுகமே?" என்று கேட்கிற சனம், அவள் பஸ் ஏறிப் போன பிறகு "சவக்காலை மலர் போறா" என்று சொல்லிச் சிரிக்கும். சனத்துக்கு என்ன, வாய்க்குப் பூட்டா போட்டிருக்கிறது? மற்றவர்கள் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார்கள், ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்தார்கள். அதெல்லாம் மரியாதையான வேலை, இவள் செய்வது மட்டும் தரித்திரம் பிடித்த வேலையாம்.

அந்தப் பட்டப்பெயர் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒருவரிடமும் வாய் காட்டவில்லை. அவள் அப்படித்தான். எதையும் வாய்க்குள் வைத்து மென்றுகொண்டே இருப்பாளே தவிர வெளியில் துப்பமாட்டாள். இந்தக் கதையே அவளுடைய அந்தக் குணத்தால் வந்ததுதான்.

அவள் வேலை செய்தது நகரத்தின் வடக்குப் பக்கத்தில், ஒரு சவக்காலை மதிலை ஒட்டியிருந்த நாற்றுத்தோட்டத்தில். ஜெர்மன்காரருக்குக் கல்லறை என்பது சீமெந்து பூசிச் சிலுவை நாட்டிவிட்டு வருகிற விஷயமில்லை. ஒவ்வொரு குழியின் மேலும் பச்சையாக ஒரு குட்டித் தோட்டம் இருக்கவேண்டும். தாங்களே போய்ச் செய்ய நேரமில்லாதவர்கள் இப்படியான தோட்டக்காரரிடம் அதை ஒப்படைத்துவிடுவார்கள். வசந்தத்துக்குப் பான்சி, கோடைக்குப் பெகோனியா, குளிருக்கு முன்னால் ஊசியிலைக் கொப்புகளை அடுக்கி ஒரு போர்வை. வருடம் முழுக்க ஆர் ஆரையோ பெற்ற தாய் தகப்பனுக்கு முழங்காலில் நின்று இதைச் செய்து செய்து, நாற்பது வயது வருமுன்னமே அவளுடைய முழங்கால் இரண்டும் மாரிகாலக் குளிரில் அழத் தொடங்கிவிட்டன.

தோட்டத்தின் சொந்தக்காரி பிறவ் கமின்ஸ்கி, நம்முடைய பாஷையில் திருமதி கமின்ஸ்கி, ஒரு விதவை. வாயிலிருந்து சிகரெட்டை எடுக்காமலே ஏசுவார், சிரிப்பார், வாடிக்கையாளருக்கு ஆறுதலும் சொல்வார். நேசமலர் வீட்டில் கதைக்கும்போது அவரைக் கமின்ஸ்கி அம்மா என்பாள். அவளை அவர் நேசா என்று கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதற்கு ஒரே காரணம், அந்த மனுசி தேவையில்லாமல் ஒன்றும் கேட்கமாட்டார்.

நேசமலர் யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பிறந்தவள். எண்பத்தைந்தாம் ஆண்டு, கலியாணம் முடித்த சூட்டோடு, புருசன் ஜேசுரட்ணத்துடன் ரஷ்ய விமானத்தில் கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்தவள். பிறகு ஹைம் என்று சொல்லுகிற அகதிகள் விடுதியில் ஓர் அறை. வேலை செய்யக்கூடாது, சொன்ன எல்லையைத் தாண்டி எங்கேயும் போகக்கூடாது. கையும் காலும் நல்லாயிருக்கிற இரண்டு சீவன்களை ஒரு கட்டிலில் இருத்தி வைத்து, சாப்பாட்டைக் கொடுத்து, சும்மா இரு என்று சொன்னால் அதைப்போல வதை வேறொன்றும் இல்லை. பிள்ளை குட்டி எல்லாம் விசா வந்த பிறகு என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

விசா வந்தது. ஜேசுரட்ணத்துக்கு இரும்பு வார்க்கிற பட்டறை ஒன்றில் வேலையும் கிடைத்தது. எண்பத்தொன்பது மார்கழியில் அஞ்சலா பிறந்தாள். அந்த மனுசன் பட்ட சந்தோசத்தைச் சொல்லி முடியாது. பட்டறையிலிருந்து கரியும் புகையுமாக வந்தவர், குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கவேண்டும் என்று நேசமலர் சொன்னதற்காக, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குள் ஓடுவார்.

பிள்ளைக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை இருமல் தொடங்கியது. ஞாயிறு காலையில் பால் குடிக்க மறுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் என்றாள் நேசமலர்.

"சளிதானேயப்பா. இண்டைக்கு ஞாயிறு, அங்கை ஆர் இருக்கப்போறாங்கள்? நாளைக்கு எங்கடை டொக்டரிட்டைக் காட்டுவம்" என்றார் ஜேசுரட்ணம்.

அந்த 'நாளைக்கு' அஞ்சலாவுக்கு வரவில்லை. இதயத்தில் பிறவியிலேயே பிழை இருந்தது, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, முதல் நாள் கொண்டு வந்திருந்தாலும் காப்பாற்றியிருப்போம் என்று சொல்ல முடியாது என்று டொக்டர்மார் ஜெர்மன் மொழியில் விளங்கப்படுத்தினார்கள். பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியை வைத்துக்கொண்டு நேசமலர் தன்னைத் தேற்றிக்கொண்டாள். "நாளைக்குக் காட்டுவம் எண்டு சொன்னது நீங்கள்தானே" என்று ஒருநாளும் அவள் புருசனைப் பார்த்துக் கேட்கவில்லை. கேட்டு, இரண்டு பேரும் கத்தி அழுதிருந்தால் ஒருவேளை நல்லாயிருந்திருக்கும். அவள் கேட்கவில்லை. ஜேசுரட்ணம் அதைத் தனக்குத்தானே தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடக்கம் செய்த அன்றைக்குப் பிறகு அந்த மனுசன் சவக்காலைப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. பிள்ளையின் பெயர் அவருடைய வாயிலிருந்து வரவில்லை. படத்தைக்கூட எங்கே வைத்தாரோ தெரியாது. அதற்குப் பிறகு நேசமலரின் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவள் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் தனியாக, நகரத்தின் தெற்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சவக்காலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள். போகும்போது "வாறியளே?" என்று கேட்பாள். "நீ போட்டு வா" என்பார், முகத்தைப் பார்க்காமல். பெற்ற பிள்ளையிடம் ஒரு தடவை வந்து நிற்க மனமில்லாத கல்நெஞ்சன் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அதையும் மென்று விழுங்கினாள்.

அந்தச் செடி வந்தது தொண்ணூற்றொன்றில். நேசமலர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இலையுதிர்காலத்தில், விற்காமல் கிடந்த சாடிகளை எல்லாம் ஒழித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி வீட்டுக்குப் பின்னால், நிழலில், ஒருவரும் சீண்டாமல் கிடந்தது அது. நீட்டு இலைகள், கழுதைக் காது மாதிரி. தொட்டுப் பார்த்தால் மேலே சொரசொரப்பு, கீழே மெத்தென்று மயிர்.

"காட்டு ஹோர்ட்டென்சி" என்றார் கமின்ஸ்கி அம்மா. "என் புருசனுடைய பைத்தியம். எங்கேயோ ஒரு பெரிய தோட்டத்திலிருந்து விதை வாங்கி முளைக்கப் போட்டார். நேபாளம், சீனா, அங்கே மலையிடுக்குகளில் ஓடைக்கரையில் தானாக வளர்கிறதாம். இங்கே ஆர் வாங்குவார்கள்? எல்லாருக்கும் பந்து மாதிரிப் பூக்கிற அந்த வீட்டு ஹோர்ட்டென்சிதான் வேண்டும்."

"இது பூக்காதோ?"

"பூக்கும். தட்டையாய், தட்டு மாதிரி. நடுவிலே பொடிப்பொடியாய் இருப்பதுதான் உண்மையான பூ. சுற்றிவரப் பெரிதாய் விரிந்திருப்பது தேனீயைக் கூப்பிடுகிறதற்கு வெறும் வேஷம், அதில் விதையும் வராது ஒன்றும் வராது. எப்போது பூக்கும் என்று மட்டும் என்னைக் கேட்காதே. விதையில் வந்தது, வருடங்கள் எடுக்கும். என்ன நிறம் என்றும் தெரியாது, காட்டுச் செடி ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. இன்னொன்று சொல்கிறேன், இதில் கத்தி வைக்காதே. இந்த வருடத்துத் தடியின் நுனியில்தான் அடுத்த வருடப் பூவுக்கு மொட்டு இருக்கும். நுனியை வெட்டினால் பூ போய்விட்டது."

நேசமலர் சாடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எங்கே நடப் போகிறாய் என்று கமின்ஸ்கி அம்மா கேட்கவில்லை. அஞ்சலாவின் கல்லறைக்குப் பின்னால் பீச் என்று சொல்லுகிற பெரிய காட்டு மரம் ஒன்று இருந்ததால் அங்கே நல்ல நிழல்.

அதற்குப் பிறகு அவளுடைய வருடங்களை அந்தச் செடியை வைத்துத்தான் சொல்லவேண்டும். முதல் மாரியில் முயல் அடியோடு கடித்துவிட்டது. அது தளிர்த்து வந்தது. அடுத்து வந்த கோடை மழை பெய்யாமல் காய்ந்தது. அவள் வேலை முடிந்து வாளியோடு போய் நின்றாள். மே மாதத்து உறைபனிக்குப் பயந்து தன்னுடைய பழைய நைலெக்ஸ் சேலையை அதைச் சுற்றித் தடி நாட்டிக் கட்டிவிட்டாள். பக்கத்துக் கல்லறைக்கு வந்த ஒரு கிழவர், விடிகாலை மூட்டத்துக்குள் சிவப்புச் சேலையோடு ஆரோ குந்திக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாராம். நேசமலர் அந்தக் காலத்தில் சிரித்தது என்றால் அதற்கு ஒருதரம் சிரித்திருப்பாள்.

தொண்ணூற்றாறில் முதல் தடவையாக இரண்டு தடியில் மொட்டு வைத்தது. மே மாதம் பாதி போய்விட்டது, இனிப் பனி இல்லை என்று சேலையை அவிழ்த்தாள். அதே கிழமை பனி கொட்டியது. மொட்டு இரண்டும் கறுத்துத் தொங்கின. அன்றைக்குப் பஸ் தரிப்பிடத்தில் குந்தியிருந்து, ஆர் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள்.

ஒரு செடிக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். அவள் பிள்ளை வளர்க்கவில்லை. பிள்ளை தவழ்ந்ததைக் காணவில்லை, ஒரு சொல் பேசிக் கேட்கவில்லை, கோயிலில் முதல் நன்மை வாங்குவதற்கு வெள்ளைச் சட்டை தைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் மண்ணிலிருந்து ஒரு பூ வந்தால் அதையாவது பார்த்துவிடலாம் என்று இருந்தாள். அதில் என்ன பைத்தியம் இருக்கிறது?

தொண்ணூற்றேழில் பட்டறையை மூடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். அந்த ஊர் முழுக்கவே சுரங்கமும் பட்டறையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சாகிற காலம் அது. கனடாவில் இருந்த ஜேசுரட்ணத்தின் தமக்கை டொறத்தி, அங்கே வாருங்கோ, வேலைக்கு ஆளில்லாமல் இருக்கினம் என்று ஒற்றைக் காலில் நின்று எல்லா அலுவலும் பார்த்தாள். கோடை முடிவில் கனடா விசா கையில் வந்தது. அடுத்த செப்டெம்பருக்குள் போய் இறங்கவேண்டும்.

"நான் வரேல்லை" என்றாள் நேசமலர்.

ஜேசுரட்ணம் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்த கையை எடுக்கவில்லை. "இஞ்சை என்ன இருக்கு எண்டு நிக்கப்போறாய்?"

"என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியாதே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கே பிறகு பாவமாகப் போய்விட்டது. இந்த நாட்டில் கல்லறை மண்கூட வாடகைக்குத்தான், தவணை முடிந்தால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியாததல்ல. எப்படியும் ஒருநாள் விட்டுவிட்டுப் போகவேண்டியதுதான்.

"தலைமாட்டிலை ஒரு பூமரம் வைச்சனான். அது இன்னும் பூக்கேல்லை" என்றாள். "ஒருக்காப் பூக்கட்டும். அதைப் பாத்திட்டு வாறன். பிறகு நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"எப்ப பூக்கும்?"

"வாற ஆடி, ஆவணியிலை."

"சரி" என்றார் ஜேசுரட்ணம். "பூத்த உடனை சொல்லு. ரிக்கற் எடுப்பம். அதுவரைக்கும் நான் அக்காவைச் சமாளிக்கிறன்."

பிள்ளை செத்த பிறகு அவர்கள் பிள்ளையைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அதுதான், பெயர் சொல்லாமல்.

செப்டெம்பரில் அந்தச் செடி அவளுடைய தோளுக்கு மேல் நின்றது. ஒவ்வொரு தடியின் நுனியிலும் மண்ணிற மயிரோடு தடித்த மொட்டு. கமின்ஸ்கி அம்மாவை அவருடைய காரிலேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அந்த மனுசி சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு, நுனிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

"அடுத்த கோடையில் இது பூக்காவிட்டால் என் பெயரை மாற்றிக் கூப்பிடு" என்றார்.

ஒக்டோபர் கடைசி நாற்றுத்தோட்டத்துக்குக் கொல்லுகிற காலம். நவம்பர் தொடக்கத்தில் வருகிற சகல பரிசுத்தவான்கள் நாளுக்கும், செத்தவர்களுக்கான ஆத்துமாக்கள் நாளுக்கும் முன்னால் வடக்குச் சவக்காலைக் கல்லறைகள் அத்தனையும் சோடித்து முடியவேண்டும். அந்த மாதத்துக் கடைசி இரண்டு ஞாயிறும் வேலை. தன் பிள்ளையிடம் போக நேசமலருக்கு நேரம் கிடைக்கவில்லை. அதற்குள் ஒரு உறைபனி கொட்டித் தீர்த்தது. செடிக்கு ஒன்றும் செய்யாது, இலைதான் கறுத்து விழும், மொட்டு குளிரைத் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கவலைப்படாமல் இருந்தாள்.

ஆத்துமாக்கள் நாள் அந்த முறை ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்ததும் ஜேசுரட்ணம் அவளுடைய கையைப் பிடித்தார். சனத்துக்கு முன்னால் கையைப் பிடிக்கிற ஆள் இல்லை அவர்.

"வா, பிள்ளையிட்டைப் போட்டு வருவம்."

பஸ்ஸில் பக்கத்தில் இருந்துகொண்டு அவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வேலை இல்லைத்தானே. நான் தனியப் போய் எல்லாம் செய்து வைச்சிட்டன். ஊரிலை அப்பா செய்யிற மாதிரி."

பாசையூரில் ஆத்துமாக்கள் நாளுக்கு முதல் ஆம்பிளைகள் மண்வெட்டியோடு சவக்காலைக்குப் போவார்கள். தங்கள் தங்கள் ஆட்களின் குழியில் புல் பூண்டு ஒன்று விடாமல் வேரோடு இழுத்து, மண்ணைச் சமப்படுத்தி, கடற்கரையிலிருந்து வெள்ளை மணல் கொண்டு வந்து பரப்பி, மெழுகுதிரி கொளுத்துவார்கள். பத்தை மண்டிக் கிடக்கிற குழி என்றால் நாதியில்லாத குழி. அந்தக் குடும்பத்து ஆம்பிளையின் முகத்தில் ஊர் விழிக்காது. அங்கே கல்லறைக்கு மரியாதை என்றால் வெறும் மணல்தான்.

பீச் மரத்தடிக்கு வந்தார்கள். அக்கம்பக்கத்துக் கல்லறைகள் எல்லாம் பச்சைக் கொப்புப் போர்வைக்குள் கிடந்தன. நடுவில் அஞ்சலாவின் சின்னக் குழி வெள்ளை வெளேரென்று, ஒரு தூசி இல்லாமல், கீறினால் எழுதலாம் போல இருந்தது. சின்னப் பிள்ளைகள் விளையாடுகிறதற்குக் கடையில் மூட்டையாக விற்கிற மணல். சிலுவையைக் கழுவித் துடைத்திருந்தார். ஓரத்தில் சிவப்பு மெழுகுதிரிகள் வரிசையாக நின்றன.

தலைமாட்டில் ஒன்றும் இல்லை.

"பத்தை மண்டிப் போய்க் கிடந்தது மலர்" என்றார் ஜேசுரட்ணம். "தலைமாட்டிலை ஒரு பட்ட மரம். தோலெல்லாம் உரிஞ்சு, இலையெல்லாம் கறுத்து, பழந்துணி மாதிரித் தொங்கிக்கொண்டு. பாக்கவே ஏலாமல் இருந்தது. எங்கடை பிள்ளையை இப்பிடி விட்டிட்டமே எண்டு… வாளாலை அரிஞ்சு எறிஞ்சிட்டன். எத்தினை வருசம். உன்னையும் தனிய விட்டிட்டன்."

அந்த நேரம் நேசமலருக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்துத் தள்ளியிருப்பாள். ஏழு வருடம் எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, வந்த ஒருநாளில் வாளைக் கொண்டு வந்த மனுசன். வாய் திறந்துவிட்டாள். 'அண்டைக்கும் நீங்கள்தான், இண்டைக்கும் நீங்கள்தான்' என்கிற வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது.

அதற்குள் ஜேசுரட்ணம் ஈரப் புல்லில் முழங்காலில் விழுந்துவிட்டார். இரண்டு கையையும் மணலில் வைத்தார்.

"அஞ்சலா" என்றார். "அப்பா வந்திருக்கிறன் அம்மா. அண்டைக்கே கொண்டு போயிருக்கவேணும் உன்னை. அண்டைக்கே கொண்டு போயிருக்கவேணும்."

தோள் இரண்டும் குலுங்க அழுதார். பக்கத்துக் கல்லறைகளில் நின்ற ஜெர்மன்காரர் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நேசமலர் திறந்த வாயை மூடினாள். அவரைத் தூக்க முடியாமல் தானும் பக்கத்தில் முழங்காலில் இருந்து, அவருடைய முதுகில் கையை வைத்துக்கொண்டாள். செடிக்காக அழுதாளோ, பிள்ளைக்காக அழுதாளோ, இந்த மனுசனுக்காக அழுதாளோ, அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எழும்பி முகத்தைத் துடைத்த பிறகுதான் ஜேசுரட்ணத்துக்கு ஞாபகம் வந்தது.

"உன்ரை பூமரம் எங்கை? நீ தலைமாட்டிலை எண்டெல்லோ சொன்னனீ?" அவருடைய முகம் மெல்ல மாறத் தொடங்கியது. "மலர், நான் வெட்டினது…"

"அது இல்லை" என்றாள் நேசமலர். யோசிக்கவே இல்லை, வார்த்தை தானாக வந்தது. "அது எங்கையோ இருந்து முளைச்ச காட்டு மரம். என்ரை மரத்தைக் கமின்ஸ்கி அம்மா கிளப்பிக்கொண்டு போட்டா. குளிருக்குக் கண்ணாடி வீட்டுக்குள்ளை வைச்சிருக்கிறா."

அவர் பெரிதாக மூச்சு விட்டார். "நல்ல காலம். இஞ்சை நிண்டிருந்தால் தெரியாமல் அதையும் வெட்டியிருப்பன்" என்றார்.

அடுத்த நாள் வேலைக்குப் பிந்திப் போனாள். முதலில் தெற்குச் சவக்காலைக்குப் போய், வெட்டின கொப்புகள் கொட்டுகிற பெரிய இரும்புத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு நுனி கிடைத்தாலும் காணும், வேர் பிடிக்க வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தாள். திருநாளுக்கு முதலே தொட்டியை வெறுமையாக்கிவிட்டிருந்தார்கள்.

"அடிக்கட்டை உயிரோடுதான் இருக்கும்" என்றார் கமின்ஸ்கி அம்மா. "வசந்தத்தில் மணலைத் துளைத்துக்கொண்டு வரும். பூப்பது என்றால் இன்னும் இரண்டு மூன்று வருடம். நேசா, அவரிடம் சொல்லிவிடு."

"முடியாது."

"உன் செடி."

"என் புருசன்" என்றாள் நேசமலர். அந்த மனுசி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த மாரி முழுக்க ஜேசுரட்ணம் ஒவ்வொரு ஞாயிறும் அவளுடன் வந்தார். இவ்வளவு காலமும் எதை நினைத்து அவள் ஆத்திரப்பட்டாளோ அது கையில் கிடைத்தது. பஸ்ஸில் பிள்ளையைப் பற்றிக் கதைத்தார்கள். பிள்ளைக்கு ஆருடைய மூக்கு என்று கதைத்தார்கள். எங்கேயோ ஒளித்து வைத்திருந்த படத்தை எடுத்து வந்து சுவரில் கொழுவினார். சில நாட்களில் அவளுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. பொய் சொல்லக்கூடாது, இருந்ததுதான்.

ஏப்ரலில் மணலைப் பிளந்துகொண்டு தளிர் வந்தது. மூன்று நான்கு முளை, தடித்து, மயிர் பொசுபொசுவென்று. நேசமலர் குனிந்து பார்ப்பதற்குள் ஜேசுரட்ணம் கண்டுவிட்டார்.

"பாத்தியே, அந்தப் பட்ட மரம் இன்னும் சாகேல்லை" என்று சொல்லிக்கொண்டு குந்தியிருந்து, முளைகளை ஒவ்வொன்றாக நுள்ளி எடுத்தார்.

"விடுங்கோ, கொஞ்சம் பச்சையாய்க் கிடக்கட்டும்" என்றாள்.

"உனக்கென்ன விசரே. இண்டைக்கு விட்டால் வாற கிழமை பத்தை மண்டிப் போயிடும். நாங்கள் போனாப் பிறகு பாக்கவும் ஆளில்லை. இருக்கும் வரைக்காவது பிள்ளை துப்புரவாய்க் கிடக்கட்டும்."

அவள் வேறு பக்கம் திரும்பி நின்றாள். சொல்லிவிட இன்னொரு சந்தர்ப்பம் அது. அவருடைய விரல்களைப் பார்த்தாள், நகத்துக்குள் பச்சைச் சாறு. சொன்னால் இந்த மனுசன் இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று நினைத்தாள். சொல்லவில்லை. அடுத்த கிழமை இன்னும் இரண்டு முளை வந்தது. அதையும் நுள்ளினார். அடுத்து வந்தது ஒன்றே ஒன்று, மெலிந்து வெளிறிப்போய். யூன் மாதத்துக்குப் பிறகு மணலில் ஒன்றும் வரவில்லை. உறைபனி செய்யாததை, முயல் செய்யாததை அவளுடைய பொல்லாத வாய் பேசாமல் இருந்து செய்து முடித்தது. அதை அவள் வேறு ஆர் மேலும் போடவில்லை.

இடையிடையே அவர் கேட்பார்: "அந்தப் பூமரத்தை எப்ப திருப்பிக் கொண்டு வருவினம்?"

"இப்ப மாத்தி நட்டால் இந்த வருசம் பூக்காதாம்" என்பாள்.

ஆவணி வந்தது. பட்டறை மூடிவிட்டது. வீட்டுச் சாமான்களில் பாதியை ஆரிடமோ கொடுத்தாகிவிட்டது. டொறத்தி ஒருநாள் விட்டு ஒருநாள் தொலைபேசி எடுத்து, விசா முடியப் போகுது, உங்களுக்கு என்ன விசரே என்று கத்தினாள். ஜேசுரட்ணம் ஒருதரமும் நேசமலரை அவசரப்படுத்தவில்லை. சொன்ன சொல்லில் நின்றார். பூக்காவிட்டால் அவர் விசாவையே விட்டுவிடுவார் போல இருந்தது, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் பின்னேரம் அவள் வேலையால் வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

"இன்னும் பூக்கேல்லையே மலர்?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயைப் பூட்டினாள்.

"பூத்திட்டுது" என்றாள். "போன கிழமை."

"உண்மையாவே? ஏன் எனக்குச் சொல்லேல்லை? என்ன நிறம்?"

நிறத்தைப் பற்றி அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. எத்தனை வருடமாக அவளும் அதைத்தான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள்.

"வெள்ளை."

"போய்ப் பாப்பமே? எனக்கும் பாக்கவேணும் போல கிடக்கு."

"வெளியிலை எடுத்து வைச்சதாலை நேற்றையான் மழைக்கு எல்லாம் உதிர்ந்திட்டுது."

ஜேசுரட்ணத்தின் முகம் ஒரு கணம் வாடியது. பிறகு அவர் தலையை ஆட்டினார். கிட்ட வந்து, அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பரவாயில்லை. நீ பாத்தாய்தானே. அது காணும்."

"ஓம்" என்றாள் நேசமலர்.

அவர் மண்டபத்துக்குப் போய்த் தொலைபேசியில் இலக்கங்களை அழுத்துகிற சத்தம் கேட்டது. அவள் குசினியிலேயே நின்றாள். "அக்கா" என்று அவர் சொல்வது கேட்டது, குரலில் சின்னப் பிள்ளைச் சந்தோசம். "பிள்ளையின்ரை மரம் பூத்திட்டுது. வெள்ளைப் பூ. நாங்கள் வாறம்."